அண்ணனுக்குப் போட்ட இலை

செத்தவர்களுக்குச் சோறு போடுவதில் தாமரைச்செல்வியை அடித்துக்கொள்ள மூலக்குளத்தில் ஆள் கிடையாது. அமாவாசை வந்தால் போதும், விடிவதற்குள் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத் தலையோடு அடுப்படிக்குள் நுழைந்துவிடுவாள். வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, காராமணி போட்ட கத்தரிக்காய்க் குழம்பு, உளுந்து வடை, பாயாசம். மில்லில் ஷிஃப்ட் முடிந்து வரும் புருஷன் அரிகிருஷ்ணன் வாசனை பிடித்துக்கொண்டே, "உயிரோட இருக்கிற எனக்கு என்னிக்காவது இந்த மாதிரி ஆக்கிப் போட்டிருக்கியாடி?" என்று கேட்பான். "நல்ல நாளும் அதுவுமா வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று அவள் கரண்டியை ஓங்குவாள். அதோடு சரி.

மொட்டை மாடிச் சுவரில் இரண்டு இலை வைப்பாள். ஒன்று அம்மா அப்பாவுக்கு. இன்னொன்று அண்ணன் இளஞ்செழியனுக்கு.

அண்ணன் செத்து ஒன்பது வருஷம். அவன் செத்ததை யாரும் கண்ணால் பார்க்கவில்லை, வம்பெல்லாம் அதில்தான்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா வீடு என்பார்கள். அப்படி ஒரு வீட்டில் பெண் கட்டினால் மாப்பிள்ளைக்கும் பிரான்ஸ் வழி திறக்கும். இளஞ்செழியனுக்கு எண்பத்தொன்றில் திறந்தது. விமானம் ஏறினவன்தான். முதல் கடிதமே இப்படி வந்தது: 'இங்கே தெருவில் உட்கார்ந்து சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். அந்தச் சாக்கடை ஓரத்தில் இருபத்திரண்டு வருஷம் எப்படித்தான் இருந்தேனோ.' அடுத்ததில் கொசு, அதற்கடுத்ததில் ஈ. ஒரு கடிதத்தில், 'அம்மா நீ வெற்றிலை துப்பின சுவரை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை' என்று எழுதியிருந்தான். அம்மா கன்னியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. தாமரைதான் படித்துக் காட்டுவாள். பாதியை விழுங்கிவிட்டு, "நல்லா இருக்கானாம், ஒன்ன ரொம்பக் கேட்டானாம்" என்று சொந்தச் சரக்கைச் சேர்ப்பாள். கிழவி முகம் மலர்ந்துபோய் இன்னொரு வாய் வெற்றிலை போடுவாள்.

எண்பத்தைந்தோடு கடிதம் நின்றது. இவர்கள் போட்டதெல்லாம் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. லீவில் வந்த பாரீஸ்காரர் ஒருவர் கல்யாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, மூலக்குளம் பக்கத்து ஆள் ஒருத்தன் அங்கே பட்டறை மிஷினில் மாட்டிப் போய்ச் சேர்ந்தானாம் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். பேர் கேட்டால் தெரியாது என்றார். போதாதா! பன்னிரண்டு வருஷம் தகவல் இல்லாதவனுக்குக் காரியம் பண்ணிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆத்மா அலையும் என்பது ஊர் வழக்கம். கன்னியம்மாள் பன்னிரண்டையும் விரல்விட்டு எண்ணி முடித்தாள். தொண்ணூற்றேழு ஆடி அமாவாசையன்று காரியக்காரர் சாமிக்கண்ணு தர்ப்பையும் வைக்கோலும் சேர்த்து ஆள் உயரத்துக்கு ஒரு உருவம் கட்டினார். அண்ணன் விட்டுப்போன கட்டம் போட்ட சட்டையை அதற்கு மாட்டி, சங்கராபரணி ஆற்றங்கரையில் கொளுத்தினார்கள். அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். இரண்டு வருஷத்தில் அவளும் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை அண்ணனுக்கு ஒரு இலை. தாமரை ஒன்றைக்கூட விட்டதில்லை. அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை, கூடப் பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். உயிரோடு இருந்தவரை அவன் ஊரைத் திட்டிக் கடிதம் போட்டான். செத்த பிறகாவது அவனுக்கு இந்த வீட்டுச் சோறு பிடிக்கட்டும் என்று அவளுக்கு ஒரு வீம்பு.

இரண்டாயிரத்து ஆறு சித்திரை அமாவாசை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. தாமரை மாடியில் இரண்டு இலையையும் வைத்துவிட்டு, "கா, கா" என்று கூப்பிட்டாள். எதிர் வீட்டு முருங்கையில் இருந்து காக்கா வந்தது. அம்மா அப்பா இலையில் ஒரு பருக்கை விடாமல் கொத்தித் தின்றது. அண்ணன் இலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரின் அந்த ஓரத்துக்குத் தத்தி, தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

"இன்னா சாமி கொறை வெச்சேன்?" என்று தாமரை பதறிப்போனாள். மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிடும்போது கீழே கேட் கதவு கிறீச்சிட்டது. எட்டிப் பார்த்தாள். தலையெல்லாம் நரைத்த ஒரு ஆள், சித்திரை வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, பெட்டியோடு நின்று மேலே பார்த்தான்.

"பாப்பா, சோறு ஆயிடுச்சா? பசிக்குது" என்றான்.

அவளை உலகத்தில் பாப்பா என்று கூப்பிட்டது ஒரே ஒருத்தன். படியில் எப்படி இறங்கினாள் என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கீழே போய்ப் பார்த்தால், அவன் கூடத்தில் தன் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். பெரிய காலர் சட்டையோடு சிரிக்கிற படம். நெற்றியில் சந்தனம், குங்குமம், அன்றைக்குப் போட்ட சாமந்தி மாலை.

"எனக்கா?" என்றான். கோபமெல்லாம் இல்லை. "அதான் பார்த்தேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கீழே உட்கார்ந்தான்.

அரிகிருஷ்ணன் வந்தான், பார்த்தான், கையில் இருந்த டிபன் கேரியரைக் கீழே போட்டான். பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி ஓடி வந்து, காலைத்தான் முதலில் பார்த்தாள். கால் தரையில் படுகிறதா என்று. அப்புறம் துணிந்து கையைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "ஆளுதாண்டி. ஆனா இன்னாடி இது, பானைத் தண்ணி கணக்கா சில்லுன்னு இருக்குது!" என்றாள்.

தாமரை எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கட்டிப்பிடித்து அழுதாள், திட்டினாள், அடித்தாள், மறுபடி அழுதாள். சாகவில்லை! ஒரு கடிதாசி போடத் துப்பில்லாத பாவி சாகவில்லை! மிஷினில் மாட்டினவன் வேறு எவனோ. இவன் பெண்டாட்டியோடு சண்டை போட்டுப் பிரிந்து, வீடு மாற்றி, ஊரையே தலைமுழுகிவிட்டு இருந்திருக்கிறான். அவ்வளவுதான் சங்கதி.

மேலே மாடியில் கிடந்த இலையை அவனே போய் எடுத்து வந்தான். வேண்டாம், அது படைத்தது என்று அவள் சொல்வதற்குள் பிசைந்து தின்னத் தொடங்கிவிட்டான். வாய் நிறையச் சோற்றோடு சொன்னான்: "இன்னைக்குப் பூசணிக்கா நல்லா இருக்குது பாப்பா. மார்கழியிலதான் அடி புடிச்சிப் போச்சி."

மார்கழி அமாவாசைக்குக் கூட்டு அடிபிடித்தது உண்மை. தாமரை மேலாக வழித்து வைத்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை, புருஷனிடம்கூட.

பிறகு அவன் வாயில் இருந்து ஒவ்வொன்றாய் வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு நாள் காலை, பட்டறைக் கேன்டீனில் காபியோடு உட்கார்ந்திருக்கிறான். திடீரென்று வைக்கோல் எரிகிற நாற்றம். தன் சட்டைதான் பற்றிக்கொண்டது என்று உதறினானாம். அப்புறம் உடம்பு குளிர்ந்தது. குளிர்ந்தது குளிர்ந்ததுதான், எந்த ஹீட்டருக்கும் மசியவில்லை. அன்றிலிருந்து அங்கே எதைத் தின்றாலும் மண். மாசத்தில் ஒரு நாள் மட்டும், காலை எட்டரை மணிக்கு, நாக்கில் காராமணிக் குழம்பு ருசி ஏறி வயிறு நிறையும். இங்கே உச்சி வேளை அங்கே எட்டரை.

"அதுக்கப்புறம்தான் பாப்பா ஊரு ஞாபகம். அந்த ஞாபகம் என்னை ஒரு எடத்துல இருக்க விடலை. ஒரு பார்க்குல காக்கா வரும்னு சொன்னாங்க. தெனமும் பஸ் புடிச்சிப் போயி அதைப் பார்த்துட்டு வருவேன். பைத்தியம்னு எம் பொண்ணு டாக்டர்கிட்ட இட்டும்போனா."

ஊருக்கு வருகிற பாரீஸ்காரர்களை நமக்குத் தெரியாதா? ஏர்போர்ட்டில் இருந்தே தண்ணீர் பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வருவார்கள். ரிக்‌ஷாவில் ஏறும்போது மூக்கைப் பொத்துவார்கள். பிள்ளைகளைத் தரையில் விடமாட்டார்கள். பதினைந்தாம் நாள், "இந்த ஊர் உருப்படாது" என்று சொல்லிவிட்டு இரண்டு கிலோ மிளகாய்த்தூளோடு விமானம் ஏறுவார்கள். இளஞ்செழியன் அந்த ரகத்தில் சேரவில்லை. சாக்கடை ஓரத்தில் நின்று மூச்சை இழுத்து விட்டான். கரண்ட் போனால் சிரித்தான். முழங்கையில் உட்கார்ந்த கொசுவை அது குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா வெற்றிலை துப்பின சுவரில் அந்தக் கறைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அரை நாள் நின்றான். "பாரீஸ்காரன் கொசுவுக்குக்கூடக் கும்புடு போடுறான்மா" என்று அஞ்சலாட்சி தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

தாமரைக்கோ நிலைகொள்ளவில்லை. அவள் படித்துக் காட்டிய பொய்யெல்லாம் உண்மையாகி வந்து உட்கார்ந்திருக்கிறதே! ஊரை இப்படி ஆசைப்படுகிற அண்ணனைத்தான் அவள் கடிதத்துக்குக் கடிதம் அம்மாவுக்காகச் செய்து கொடுத்தாள். அம்மா பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை, தனக்காவது கிடைத்ததே என்று நினைத்தாள். சந்தோஷம் தாங்காமல் அடுப்படியில் தனியாக அழுதாள்.

ஆனால் சில விஷயம் உறுத்தத்தான் செய்தது. கத்திரி வெயில் தொடங்கியும் அவனுக்கு ஒரு பொட்டு வியர்வை இல்லை. தெருநாய் இருக்கிறதே, போஸ்ட்மேனைக்கூட விடாது. இவன் வந்தால் குரைக்காது, எழுந்து வேறு தெருவுக்குப் போய்விடும். சாப்பாடுதான் எல்லாவற்றிலும் மோசம். தட்டில் வைத்தால் ரெண்டு வாய்க்கு மேல் இறங்காது, மண் என்று தள்ளிவிடுவான். ஒரு நாள் தாமரை மனசு கேட்காமல் சோதித்துப் பார்த்தாள். அதே சோற்றை, அதே குழம்பை இலையில் போட்டு, அவன் படத்துக்கு முன்னால் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டுக் கொடுத்தாள். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டு ஏப்பம் விட்டான். மறு வேளையும் கற்பூரம் காட்டினாள். வேறு என்ன செய்வாள், பசித்தவனைப் பட்டினி போடவா?

அந்த வாரம் போன் வந்தது. அவன் மகள் சரிதா, இருபது வயசுப் பெண். தமிழை ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துப் பேசினாள்.

"அத்தை, அப்பா அங்க சந்தோஷமா?"

"ரொம்ப சந்தோஷமா இருக்காரும்மா."

"தெரியும். ஊர் சொன்னா மட்டும் சந்தோஷம். இங்க அவர் என்னைப் பார்ப்பார், ஆனா பார்க்க மாட்டார். டாக்டர் எல்லா டெஸ்ட்டும் செஞ்சார். ஒண்ணும் இல்லை சொன்னார். ஆனா அத்தை, அவர் கொஞ்சம் கொஞ்சமா இல்லாம போறார். நெஞ்சில காது வெச்சுப் பாருங்க. சத்தம் ரொம்ப தூரமா இருக்கும்." அந்தப் பெண் அழுதாள். "எனக்கு அப்பா வேணும் அத்தை."

அன்று மதியம் அண்ணன் படுத்திருந்தபோது தாமரை அவன் நெஞ்சில் காதை வைத்தாள். வெகு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, பக்கத்துத் தெருவில் யாரோ துணி துவைக்கிற மாதிரி ஒரு அடி. மறுபடி வெகு நேரம். அவள் செருப்புகூடப் போடாமல் ரெட்டியார்பாளையத்துக்கு ஓடினாள், சாமிக்கண்ணு வீட்டுக்கு.

சாமிக்கண்ணு எல்லாவற்றையும் கேட்டார். கொஞ்ச நேரம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"பாவம் என் கையாலதான் நடந்துருக்குது. காரியம்ங்கறது வழியனுப்புறதும்மா. செத்தவன் அந்த வழியோட போயிடுவான். உயிரோட இருக்கிறவன் எங்க போவான்? சோறு வெக்கிற எடத்துக்குத்தான் வருவான்."

"எங்க அண்ணன் ஊரு மேல ஆசப்பட்டு வந்துருக்குதுங்க."

"ஆசை இல்லம்மா. பசி."

தாமரைக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"மாத்த முடியும்" என்றார் அவர். "காரியம் பண்ணவன் திரும்பி வந்தா, புதுசாப் பொறந்தவனா எடுத்து, கொழந்தைக்குப் பண்றதெல்லாம் பண்ணிப் பேர் வெக்கணும். எங்கப்பா ஒருத்தருக்குப் பண்ணியிருக்காரு. தாயி இல்ல, நீதான் மடியில வாங்கணும். வர்ற அமாவாசைக்குள்ள முடிச்சிடு. இன்னொரு எலை போட்டா அந்தப் பக்கமே போயிடுவான்."

"மாத்திட்டா, இந்த ஊரு நெனப்பு?"

அவர் அவளை நேராகப் பார்க்கவில்லை. "போகும்போது எந்த மனசோட போனானோ அதான் அவன் மனசு. மிச்சமெல்லாம் நாம ஊட்டுனது."

இதைக் கேட்டவள் அன்றைக்கே சாமான் வாங்கியிருக்க வேண்டாமா? வாங்கவில்லை. நாளைக்கு என்றாள். வெள்ளிக்கிழமை ஆகாது என்றாள். தனக்கு இடுப்பு வலி என்றாள். அவளைத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள். இருபத்தைந்து வருஷம் கழித்து ஒரு அண்ணன் வந்து, "பாப்பா, இந்தக் கூரைக்குக் கீழ செத்தாக்கூடப் போதும்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னால், உங்களால் அவனை விட முடியுமா? அவன் சொன்னது சும்மா பேச்சுக்கு அல்ல என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்பது நாள் கடத்தினாள்.

பத்தாம் நாள் உச்சிப்பொழுது. அண்ணனைக் காணோம். கூடத்தில் இல்லை, கொல்லையில் இல்லை. மாடிக்குப் போனாள். கைப்பிடிச் சுவரில், அவள் இலை வைக்கிற அதே இடத்தில், தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தளம் கொதிக்கிறது, அவன் வெறுங்கால். தோளில் ஒரு காக்கா. தொடையில் ஒன்று. சுவர் நெடுக ஏழெட்டு, ஒன்றும் கத்தவில்லை. தோளில் இருந்தது அவன் காது மடலை மெதுவாகக் கொத்திக்கொண்டிருந்தது. ரத்தம் வரவில்லை, அவனுக்குத் தெரியவும் இல்லை. சிரித்த முகமாக ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவ்ளோ அழகா இருக்குது பாரு பாப்பா" என்றான்.

"அய்யய்யோ, எங்க அண்ணன விட்டுடுங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் நாலு வீட்டு ஜனம் மாடிக்கு வந்துவிட்டது. காக்காய்கள் பறக்கவில்லை. துடைப்பத்தால் அடித்த பிறகுதான் நகர்ந்தன.

மறுநாள் காலையே சடங்கு. கொல்லையில் ஏழு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். வெள்ளை வேட்டியால் தலை முதல் கால்வரை மூடி, கூடத்தில் தாமரை மடியில் அவனைத் தலை வைத்துப் படுக்க வைத்தார்கள். அவள் முந்தானையால் முகத்தை மூடினாள். ஐம்பதை நெருங்குகிற ஆளுடைய தலை, என்ன கனம்! சாமிக்கண்ணு அவன் படத்தில் இருந்து மாலையைக் கழற்றினார், பொட்டை அழித்தார், படத்தை இறக்கினார். சுவரில் அது இருந்த இடம் வெளுப்பாகத் தெரிந்தது. அப்போது மடியில் இருந்தவன் விறைத்துக்கொண்டான். மூச்சு இல்லை. அரிகிருஷ்ணன், "மச்சான், மச்சான்" என்று கையைத் தேய்த்தான். "இழும்மா, வெளிய இழு!" என்று சாமிக்கண்ணு கத்தினார். தாமரைக்குப் பிள்ளை பெற்ற வலி தெரியாது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, பெற்றவள் கத்துகிற மாதிரி கத்தி, முந்தானைக்குள்ளிருந்து அவன் தலையை இரண்டு கையாலும் வெளியே இழுத்தாள்.

அவன் தும்மினான். வீல் என்று ஒரு சத்தம் போட்டான். சர்க்கரைத் தண்ணீரை அவள் நாக்கில் தடவினாள், அரைஞாண் கட்டினாள், காதில் மூன்று தடவை "இளஞ்செழியா" என்று கூப்பிட்டாள். மூன்றாவது தடவைக்கு அவன் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. அவன் கை அவள் கையில் சுட்டது. கூடியிருந்தவர்கள் ஓவென்று அழுதார்கள்.

அவன் எழுந்து உட்கார்ந்து சுற்றும் முற்றும் பார்த்தான்.

"இன்னா வெக்கைடா சாமி! பேன் இல்லையா இந்த வீட்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். தாமரைதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு மணி நேரம்தான் நின்றது. சாக்கடை நாற்றம் என்று அவன் மூக்கைப் பிடித்தான். குடிக்கிற தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "இந்தக் கறைய இன்னுமா சொரண்டல, கருமம்" என்று அம்மாவின் சுவரைக் காட்டினான். தட்டில் போட்ட சோற்றை வளைத்துக் கட்டினான், உப்பு கொஞ்சம் தூக்கல் என்று குறை சொன்னான். நெஞ்சு அடிப்பது அடுத்த அறைக்குக் கேட்டது. நாலாம் நாள் டிக்கெட் போட்டுவிட்டான். "எப்படித்தான் இதுல இருக்கீங்களோ" என்று சொல்லிக்கொண்டே டாக்ஸியில் ஏறினான். அவள் கட்டிக் கொடுத்த எலுமிச்சை ஊறுகாயை வேண்டா வெறுப்பாகப் பெட்டியில் திணித்துக்கொண்டான். திரும்பிப் பார்க்கவில்லை. தாமரை கேட்டைப் பிடித்துக்கொண்டு தெரு முனைவரை பார்த்தாள். பெற்றுப் பறிகொடுத்தவள் மாதிரி அன்றிரவு முழுக்க மூலையில் கிடந்தாள்.

வைகாசி அமாவாசை வந்தது. அரிகிருஷ்ணன் பகல் ஷிஃப்டுக்குப் போய்விட்டான். தாமரை தலைக்கு ஊற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அம்மா அப்பாவுக்கு மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டுதான் போனாள். கை கேட்கவில்லை. காராமணி ஊறப்போட்டிருந்தது. பூசணிக்காயை அடிபிடிக்காமல் பார்த்து இறக்கியிருந்தது. அறுத்த இலையும் இரண்டாக இருந்தது.

போனதில் இருந்து ஒரு போன் இல்லை. யாருக்குத் தெரியப்போகிறது? ஒரே ஒரு இலை. செத்தா போய்விடுவான்? ஒன்பது வருஷம் தின்றவன் சாகவில்லையே. திரும்பி வருவான். கம்பளிச் சட்டையோடு கேட்டில் நின்று பாப்பா என்பான், கையைப் பிடித்துக்கொள்வான், ஊர் எவ்வளவு அழகு என்பான். அதற்குமேல் அவள் நினைக்கவில்லை. நினைக்காமல் இரண்டு இலையையும் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள்.

காக்கா ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது. அவள் கூப்பிடவேயில்லை. அம்மா அப்பா இலையை வைத்தாள். அது அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவள் கையில் இருந்த இலையையே பார்த்தது. முருங்கையில் இருந்து இன்னொன்று வந்தது. இன்னொன்று. சுவர் நெடுக உட்கார்ந்தன. ஒன்றும் கத்தவில்லை.

தாமரை கையை நீட்டினாள். இலை சுவருக்கு நாலு விரற்கடை மேலே இருக்கும்போது, அந்தப் பெண் சரிதா போனில் அழுதது நினைவுக்கு வந்தது. எனக்கு அப்பா வேணும் அத்தை.

"எனக்கும் அண்ணன் வேணும்டி!" என்று அவள் வாய்விட்டுக் கத்தினாள். ஆத்திரமும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது. சடாரென்று அந்தக் கொதிக்கிற தளத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். இலையை மடியில் வைத்துக்கொண்டாள். படைக்கப் போன சோற்றைப் பிசைந்து தன் வாயில் திணித்தாள். குழம்பு, கூட்டு, வடை, பாயாசம், எல்லாவற்றையும். மெல்லாமல் விழுங்கினாள். காக்காய்கள் ஒரேயடியாகக் கத்தத் தொடங்கின. ஒன்று அவள் தலையில் அடித்துவிட்டுப் போனது. அவள் இலையின்மேல் கவிழ்ந்துகொண்டு தின்றாள். ஒரு பருக்கை விடாமல் வழித்தாள்.

கீழே போன் அடித்தது. எச்சில் கையோடு ஓடி இடது கையால் எடுத்தாள்.

"இன்னா கருமத்தைக் கட்டிக் குடுத்த பாப்பா?" என்று அண்ணன் எரிந்து விழுந்தான். "ஊறுகா பெட்டி பூரா ஊத்திப் புது கோட்டு நாசமாப் போச்சி! ஒரு பாட்டில ஒழுங்கா மூடத் தெரியுதா உங்களுக்கு? ஊரா அது? மனுஷன் இருப்பானா அதுல? இங்க துணி வெளுக்கிறவன்கிட்ட நான் பதில் சொல்ல முடியல..."

மூச்சு விடாமல் திட்டினான். குரலில் என்ன சூடு! பின்னால் சரிதா சிரிப்பது கேட்டது. தாமரைக்குக் கண்ணில் இருந்து வழிந்து மோவாயில் சொட்டியது.

"கேக்குதா இல்லையா?" என்று அவன் அதட்டினான்.

"கேக்குதுண்ணே, நீ திட்டு" என்றாள். "இன்னும் நல்லாத் திட்டு."